தையல் மெஷின் காலும் மூன்றாவது பட்டறையும்

எட்டு மாதம் பொறுத்திருந்துதான் இதை எழுதுகிறேன். வெல்டிங் வேலையைப் பற்றி வாங்கி வந்த அன்றைக்கே எழுதினால் அது பாதி விமர்சனம்தான். தைத்துக் கொடுத்த அன்று எந்தச் சட்டையும் அழகாகத்தான் இருக்கும். நாலு முறை துவைத்த பிறகும் அக்குள் தையல் நிற்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். இரும்புக்கும் அதே கணக்கு.

நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். மாமியார் விட்டுப்போன மெஷின், காலால் மிதிப்பது. மோட்டார் வைத்தது ஒன்றும் இருக்கிறது. ஆனால் தடித்த துணியில், நாலைந்து மடிப்பு சேருகிற இடத்தில், ஒவ்வொரு தையலாக நிறுத்தி நிறுத்தி எடுக்க வேண்டும் என்றால் எனக்கு மிதி மெஷின்தான். ஊசி எங்கே நிற்கிறது என்று காலுக்குத் தெரியும்.

வீடு மாறும்போது ஸ்டாண்டைப் படியில் இறக்கிய இருவரில் ஒருவருக்குக் கை வழுக்கியது. நாலு படி உருண்டது. மேலே உட்காரும் மெஷினை முன்பே கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தேன், அது தப்பித்தது. ஸ்டாண்டின் இடது பக்கச் சட்டத்தில் ஒரு கால் மட்டும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், வளைவான இடத்தில் இரண்டாகப் போய்விட்டது. மற்றபடி ஒரு கீறல் இல்லை. பூவேலை, கொடிவேலை எல்லாம் அப்படியே இருந்தன.

ஒரு கால்தானே, ஒரு பற்று வைத்தால் முடிந்தது என்று நினைத்தேன். ஒன்றரை மாதம் ஆனது.

முதலில் போனது வாசலில் பெரிய பெரிய கேட்டுகள் சாய்த்து வைத்திருந்த பட்டறை. மாடிப்படிக் கைப்பிடி, ஷெட்டு, ஜன்னல் கம்பி என்று ஆறு பேர் வேலை செய்யும் இடம். "போட்டுட்டுப் போங்க, பார்க்கலாம்" என்றார்கள். துண்டிலும் சட்டத்திலும் சாக்பீஸால் என் பெயரை எழுதினார்கள். மூன்று முறை போய்ப் பார்த்தேன். முதல் முறை சுவரோரம் இருந்தது. இரண்டாம் முறை அதன்மேல் ஒரு சதுரக் குழாய்க் கட்டு கிடந்தது. மூன்றாம் முறை, பதினோராவது நாள், என் பெயர் அழிந்திருந்தது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கோபப்படத்தான் ஆசை, முடியவில்லை. "இந்த ஜிப்பை மட்டும் மாத்திக் கொடுங்களேன், பத்து நிமிஷ வேலைதானே" என்று வருகிறவர்களிடம் நான் சொல்வதும் இதுதான்: வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கலாம். பழைய ஜிப்பைப் பிரித்து எடுக்கவே இருபது நிமிடம் ஆகும், நூல் நிறம் மாற்ற வேண்டும், அப்புறம் நூல் நிறத்தைத் திரும்ப மாற்ற வேண்டும். பாதியில் நிற்கும் பிளவுஸ்கள் எல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். கேட்டு செய்கிறவர் கையிலிருக்கும் வேலையை இறக்கி வைத்துவிட்டு என் காலை எடுப்பார் என்று நான் எதிர்பார்த்ததுதான் தப்பு. ஆனால் முடியாது என்று முதல் நாளே சொல்லியிருக்கலாம். அதை நான் என் வாடிக்கையாளர்களுக்குச் சொல்வதில்லை என்பது வேறு விஷயம்.

இரண்டாவது பட்டறையில் நேர் எதிர். உள்ளே நுழைந்து வாயைத் திறப்பதற்குள் சட்டத்தை வாங்கி, துண்டைப் பொருத்தி, மின்சாரம் திரும்பிப் போவதற்கான எர்த் கவ்வியைக் கவ்வவிட்டு, ராடை, அதாவது உருகி ஒட்டும் வெல்டிங் குச்சியை, பிடித்துவிட்டார் அந்தத் தம்பி. நாலு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, புஸ் என்று ஆவி அடங்கியதும் கையில் கொடுத்தார். எனக்கு ஒரே சந்தோஷம். பார்க்கவும் கெட்டியாக, புடைப்பாக இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில், யாரும் தொடாமல், மடியில் இருந்தபடியே "டிங்" என்று ஒரு சத்தம். பீங்கான் கோப்பையில் கரண்டி பட்ட மாதிரி. இறங்கிப் பார்த்தால் வெல்டிங் அப்படியே இருக்கிறது. அதை ஒட்டினாற்போல் பக்கத்தில் ஒரு மெல்லிய கோடு. வீட்டில் கீழே வைத்ததும் கோடு வாயைத் திறந்தது.

அன்று இரவு இன்னொன்றும் நடந்தது. கண்ணுக்குள் கைப்பிடி மணலைப் போட்டு மூடியதுபோல் எரிச்சல், நீர் வடிந்துகொண்டே இருந்தது. விளக்கைப் பார்க்க முடியவில்லை. வெல்டிங் செய்யும்போது நான் நாலடி தூரத்தில் நின்று, ஆர்வக்கோளாறில், விரலிடுக்கு வழியாக அந்த ஒளியைப் பார்த்தேன். அதிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் கருவிழியை வெயில் தோலைச் சுடுவதுபோல் சுட்டுவிடும் என்றும், சுட்டது அப்போதே தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் வலிக்கும் என்றும் கண் மருத்துவர் சொன்னார். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. இரண்டு நாள் ஊசியில் நூல் கோக்க முடியாத தையல்காரியை வீட்டில் ஒருவரும் மதிக்கவில்லை.

மூன்றாவது பட்டறைதான் நான் எழுத வந்த விஷயம். அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஒரு லேத் பட்டறையின் பின்பக்கத் தாழ்வாரத்தில், தனியாக ஒரு பெரியவர். நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறேன். தலை முழுக்க நரை. இணையத்தில் தேடினால் இவர் வரமாட்டார். தேடினால் வருவதெல்லாம் கேட்டு செய்கிறவர்கள்தான். இவரைக் கண்டுபிடித்தது கேள்வியை மாற்றிக் கேட்டதால். "வெல்டிங் பண்றவங்க யாராவது இருக்காங்களா" என்று கேட்பதை விட்டுவிட்டு, "வெடிச்சுப்போன தண்ணி பம்பு உடம்பை ஒட்டித் தர்றவங்க யாரு" என்று ஒரு மோட்டார் காயில் கட்டும் கடையில் கேட்டேன். பம்பின் உடலும் வார்ப்பிரும்பு, என் ஸ்டாண்டும் வார்ப்பிரும்பு என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கடைக்காரர் யோசிக்கவே இல்லை, கையை நீட்டி வழி காட்டினார்.

அண்ணன் சட்டத்தை வாங்கியதும் ராடைத் தேடவில்லை. உட்காரச் சொன்னார். சட்டத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் உடைந்த முகத்தை உற்றுப் பார்த்தார். அப்புறம் கேள்விகள். இது என்ன வேலை செய்யுது? எந்தப் பக்கம் பாரம் இறங்கும்? ஆடுமா, சும்மா நிற்குமா? யார் இதுல முன்னாடி கை வச்சது? என்ன ராடு போட்டாங்க? தண்ணியில முக்கினாங்களா?

கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றதும், "ம்" என்று ஒரு நீண்ட ம்.

கிரைண்டரை எடுத்துச் சட்டத்தின் உள்பக்கம், கண்ணில் படாத இடத்தில், ஒரு நொடி தொட்டார். மங்கலான சிவப்பில் குட்டையாகப் பொறி விழுந்து அணைந்தது. பக்கத்தில் கிடந்த சாதா இரும்புக் கம்பியில் தொட்டுக் காட்டினார். அதில் பளீரென்று மஞ்சள் பொறி நீளமாகப் பறந்தது. "காந்தம் வச்சா ரெண்டும்தான் ஒட்டும். பொறிதான் சொல்லும்" என்றார். சாதா இரும்பில் கரி, அதாவது கார்பன், கால் சதவிகிதத்துக்கும் குறைவு, வார்ப்பிரும்பில் இரண்டிலிருந்து நாலு சதவிகிதம் வரை இருக்கும் என்று விளக்கினார். அந்தக் கரிதான் அதை வார்ப்பதற்கு எளிதாக்குகிறது, அதுதான் ஒட்டுவதற்குக் கஷ்டமாகவும் ஆக்குகிறது. உருகின இடத்தை ஒட்டிய பகுதி சட்டென்று ஆறினால் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். வெல்டிங்கோ ஆறும்போது சுருங்கி இழுக்கும். சாதா இரும்பு என்றால் இழுத்த இழுப்புக்குக் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். இது கொடுக்காது, உடையும். மடியில் கேட்ட டிங் அதுதான்.

தையலில் இதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். மெல்லிய பட்டில் தடித்த நூலால் இறுக்கித் தைத்தால் தையல் விடாது, தையலுக்குப் பக்கத்தில் துணி கிழியும். அதைச் சொன்னேன். "அதேதான்" என்று சிரித்தார். அந்த ஒரு சிரிப்பைத்தான் அன்று பார்த்தேன்.

அதைவிட என்னை வாயடைக்க வைத்தது வேறு ஒன்று. உடைந்த முகத்தில் பாதி சாம்பல் நிறத்தில், சர்க்கரை உடைத்தாற்போல் பொடிப்பொடியாக மினுங்கியது. மீதிப் பாதி கறுத்து, எண்ணெய் ஊறிக் கிடந்தது. "இந்தப் பாதிதாம்மா படியில உடைஞ்சது. கறுப்புப் பாதி எப்பவோ விட்டுப்போச்சு. இத்தனை வருஷமா பாதிக் காலுலதான் நின்னுக்கிட்டிருந்திருக்கு" என்றார். அந்தக் காலுக்கடியில் நானே காகிதம் மடித்து வைத்திருந்தேன், ஆடுகிறது என்று. தரை சரியில்லை என்று வீட்டுக்காரரைத் திட்டியும் இருக்கிறேன். கை வழுக்கிய அந்தப் பையனை நான் பேசிய பேச்சு நினைவுக்கு வந்தது.

சரி, வேலையை ஆரம்பிப்பார் என்று பார்த்தால், மாட்டேன் என்றார். இந்த ஒரு சட்டம் மட்டும் போதாது, ஸ்டாண்டு முழுவதையும் கொண்டு வாருங்கள். இரண்டு பக்கச் சட்டமும் குறுக்குச் சட்டமும் பூட்டிய நிலையில்தான் காலின் நீளத்தைப் பொருத்த முடியும். தனியாக வைத்து ஒட்டினால் ஒரு நூலளவு ஏறும் இறங்கும், பிறகு வீல் ஓடாது, பெல்ட் கழன்றுகொண்டே இருக்கும். நியாயம்தான். ஆனால் வார்ப்பிரும்பு ஸ்டாண்டை ஒருமுறை தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று புரியும். யாராவது இவரிடம் போவதாக இருந்தால், முழுதாகக் கொண்டு போங்கள். மேலே இருக்கும் மெஷின், பலகை, பெல்ட் இவற்றைக் கழற்றிவிடுங்கள். உடைந்த துண்டில் ஒரு சில்லுகூடத் தொலைக்காதீர்கள். உடைந்த முகத்தை அரமோ உப்புத்தாளோ வைத்துத் தேய்த்து "சுத்தம்" பண்ணிக் கொண்டுபோகாதீர்கள். அந்தப் பல்லும் பல்லும் பொருந்தித்தான் அளவு கிடைக்கிறது. நான் தேய்க்கவில்லை, ஆனால் தேய்க்கலாமா என்று யோசித்தேன்.

மறுமுறை ஸ்டாண்டோடு போய்க் காத்திருந்தபோது ஒரு பையன் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கைத் தூக்கிக்கொண்டு வந்தான். அடியில் ஊசி ஓட்டை. காலி டேங்குதான், கழுவிவிட்டேன் என்றான். அண்ணன் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்குதான் ஆபத்து, உள்ளே ஆவி நிற்கும், பொறி பட்டால் வெடிகுண்டு, கழுவினாலும் மடிப்பில் தங்கும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். பையன் கெஞ்சினான், பணம் கூடத் தருகிறேன் என்றான். "நீ எங்கேயாவது போய்ப் பண்ணிக்குவ, தெரியும். இங்க வேணாம்" என்றார். எந்த வேலையைத் தொடமாட்டார் என்று தெரிந்த பிறகு எனக்கு அவர்மேல் நம்பிக்கை கூடிவிட்டது.

வேலை நடந்ததை முழுக்கப் பார்த்தேன். இந்த முறை திரும்பி உட்கார்ந்து. ராடு பற்றும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பார்க்கலாம், அந்த மற்ற நேரம்தான் முக்கால்வாசி.

முதலில் இரண்டாவது பட்டறை வைத்த வெல்டிங்கை முழுதாக அரைத்து எடுத்தார். அதற்கே ஒரு மணி நேரம். பிறகு வீலையும் மிதியையும் கழற்றி ஓரம் வைத்தார். மின்சாரம் எந்த வழியாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது, பேரிங் வழியாகப் போனால் அங்கே பொறி அடித்துக் குழி விழும், அதனால் கழற்றுகிறேன் என்றார். எர்த் கவ்வியையும் உடைந்த காலிலேயே, பெயின்டைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, மாட்டினார்.

அப்புறம் கேஸ் பர்னரால் அந்த இடத்தை மெதுவாகச் சூடு காட்டினார். காய்ந்த இரும்புபோல் இருந்ததிலிருந்து எண்ணெய் வியர்த்து வந்தது! வார்ப்பிரும்புக்குள் கரி செதில் செதிலாக இருப்பதால் அது எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்ளுமாம். மாமியார் காலத்து மெஷின் எண்ணெயும் அதில் இருந்திருக்கும். துடைப்பார், சூடு காட்டுவார், மறுபடி வியர்க்கும், மறுபடி துடைப்பார். துணி கறுக்காமல் வரும்வரை விடவில்லை. எண்ணெய் இருந்தால் வெல்டிங்குக்குள் குமிழி குமிழியாகப் பொந்து விழும் என்றார்.

விரிசலின் ஒரு கிளை வளைவுக்குள் ஏறியிருந்தது. அதன் நுனியைத் தேடிப் பிடித்து, அந்த நுனியில் சின்னதாக ஒரு துளை போட்டார். ஏன் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. பட்டன் காஜாவின் முனையில் நாம் கட்டுத் தையல் போடுவது எதற்கோ அதற்குத்தான். கூர்மையான நுனிதான் மேலே மேலே கிழிந்துகொண்டு போகும், வட்டமாக முடிந்தால் நிற்கும். பிறகு இரண்டு முகத்தையும் சரித்து அரைத்து நடுவில் ஒரு பள்ளம் வருகிற மாதிரி செய்தார். அடியில் மட்டும் கொஞ்சம் பல்லை விட்டுவைத்தார், பொருத்துவதற்கு. பள்ளம் இல்லாமல் மேலாக வைத்தால் அது வெறும் மேல்பூச்சு. இரண்டாவது பட்டறையின் புடைப்பு அழகு அதுதான்.

ஸ்டாண்டை முழுதாகப் பூட்டி, சமமான ஒரு இரும்புப் பலகையில் நிறுத்தி, ரசமட்டம் வைத்து, நாலு காலும் ஒன்றாகத் தொடுகிறதா என்று காகிதம் செருகிப் பார்த்தார். ஒரு காலத்தில் நான் வைத்த அதே மாதிரிக் காகிதம்.

ராடு சாதா ராடு இல்லை. பூட்டிய டப்பாவிலிருந்து எடுத்தார். பாதிக்கு மேல் நிக்கல், மீதி இரும்பு. கேட்டுக்கும் ஜன்னலுக்கும் போடும் 6013 ராடு மெல்லிரும்புக்கானது, அது இங்கே ஒட்டினாலும் கல் மாதிரி இறுகிப்போகும். நிக்கல் மெத்தென்று இருக்கும், சுருங்கும்போது தானே கொஞ்சம் நீண்டு கொடுக்கும், அரத்துக்கும் மசியும். ஒரு அங்குலம் வைப்பார், நிறுத்துவார். சூடு ஆறுவதற்குள் உருண்டை முனைச் சுத்தியலால் அதன்மேல் தட்டுவார், பலமாக இல்லை, அரிசி புடைக்கிற மாதிரி ஒரே தாளத்தில். தட்டத் தட்ட அது பரவும், பரவினால் இழுவிசை குறையும். அப்புறம் புறங்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். கை தாங்குகிற சூட்டுக்கு வந்தால்தான் அடுத்த அங்குலம், அதுவும் பக்கத்தில் இல்லை, எதிர்ப்பக்கம். முழுச் சட்டத்தையும் நன்றாகச் சூடாக்கி, ஒரே மூச்சில் ஒட்டி, மெல்ல மெல்ல ஆறவிடுகிற இன்னொரு முறையும் உண்டு என்றார். பெரிய உருப்படிக்கு அதற்கு உலை வேண்டும், கொடிவேலை கோணிக்கொள்ளும், அதனால் இதற்கு இந்த வழி. பித்தளைக் கம்பியால் கேஸ் வைத்து ஒட்டுவதும் நல்லதுதான், அதில் இரும்பு உருகவே உருகாது, வேண்டுமா என்று கேட்டார். மஞ்சளாகக் கோடு தெரியும் என்றார். வேண்டாம் என்றேன். இப்போது நினைத்தால் மஞ்சள் கோடும் அழகாகத்தான் இருந்திருக்கும்.

ராடு எரிந்த நேரத்தை மட்டும் கூட்டினால் பத்து நிமிடம் தேறாது. நான் அங்கே உட்கார்ந்திருந்தது காலையிலிருந்து மூன்றரை மணி வரை. முடிந்ததும் காலைக் காய்ந்த மணலில் புதைத்துவிட்டு, நாளைக்கு வாங்க என்றார். தண்ணீர் வாளி அந்தத் தாழ்வாரத்தில் இருந்தது, கை கழுவ மட்டும்.

இனி குறைகள். குறை இல்லாமல் எழுதினால் சொந்தக்காரி என்று நினைப்பீர்கள்.

முதல் குறை நாள். செவ்வாய் என்றார், சனிக்கிழமைதான் ஸ்டாண்டைத் தொட்டார். "நாளைக்கு வாங்க" என்றது மூன்று நாளுக்குப் பிறகுதான் நாளையானது. போன் எடுக்கவே மாட்டார். அழைத்தால் லேத் பட்டறைக்காரர் எடுத்து, இருக்கிறார், ஆனால் கை வேலையில் இருக்கிறார் என்பார். நேரில் போய் நின்றால்தான் காரியம் நடக்கும்.

இரண்டாவது, மறைப்பு. காத்திருப்பவர்கள் உட்காரும் பெஞ்சு நேராக வேலை மேஜையைப் பார்த்துத்தான் இருக்கிறது. அவர் "கண்ணு!" என்று கத்திவிட்டுத்தான் ராடைப் பற்றவைக்கிறார், அது நல்ல பழக்கம். ஆனால் ஒரு திரை கட்டியிருக்கலாம். குழந்தையோடு போகாதீர்கள். என் கண் அனுபவத்தைச் சொன்னேன். "கட்டணும்மா" என்றார். இந்த எட்டு மாதத்தில் கட்டியதாகத் தெரியவில்லை.

மூன்றாவது, பூச்சு அவர் வேலை இல்லை. வெல்டிங் வைத்த இடம் வெள்ளி மாதிரி வேறு நிறத்தில், கறுப்புக் காலில் மோதிரம் போட்டதுபோல் இருந்தது. துரு ஏறாமல் நீங்களே பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டார். நான் எதிர்பார்க்கவில்லை, முன்பே சொல்லியிருக்கலாம்.

கூலி எவ்வளவு என்று கேட்பீர்கள். தொகை ஒவ்வொரு வேலைக்கும் மாறும், அதனால் கணக்கை மட்டும் சொல்கிறேன். எத்தனை அங்குலம் வைத்தார் என்று பார்த்து அவர் வாங்குவதில்லை. எவ்வளவு நேரம், என்ன ராடு, அவ்வளவுதான். நிக்கல் ராடு சாதா ராடைவிடப் பல மடங்கு விலை, எத்தனை ராடு போனது என்று மிச்சக் கட்டைகளை எண்ணிக் காட்டினார். வேலை தொடங்கும் முன்பே "நின்னா இவ்வளவு, நிக்கலைன்னா ராடு காசு மட்டும்" என்று சொன்னார். இரண்டாவது பட்டறையில் கொடுத்ததைவிட நிறையவே கூட. ஆனால் அங்கே கொடுத்ததும் இவர் அதை அரைத்தெடுத்த ஒரு மணி நேரக் கூலியும் சேர்ந்தால் இரண்டாவது பட்டறை மலிவே இல்லை. வெல்டிங் கூலி கூட என்று நினைக்கிறவர்கள், தெரியாதவர் ஒட்டியதைத் தெரிந்தவரிடம் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். என்னிடம் வரும் பாதி பிளவுஸ் அப்படி வருவதுதான், பிரிக்கும் கூலி தைக்கும் கூலியைவிட அதிகம்.

எட்டு மாதமாக மிதிக்கிறேன். தீபாவளி சமயத்து வேலை மொத்தமும் இதில்தான் நடந்தது. மாதம் ஒருமுறை சுத்தம் செய்யும்போது வெல்டிங்கின் இரு ஓரத்தையும் நகத்தால் தடவிப் பார்க்கிறேன். கோடு எதுவும் தட்டுப்படவில்லை. பெல்ட் ஒரு முறைகூடக் கழலவில்லை. காலடியில் காகிதமும் இல்லை.

இடையில் இன்னொரு வேலைக்கும் போனேன். துணி உலர்த்தும் ஜிஐ பைப்பில் ஒரு கொக்கி வைக்க வேண்டும். இது எந்தப் பட்டறையிலும் செய்யக்கூடியது, இருந்தாலும் இவரிடமே போனேன். மேலே இருக்கும் துத்தநாகப் பூச்சை அரைத்து எடுத்த பிறகுதான் தொட்டார். இரும்பு உருகும் சூட்டுக்கு வெகு முன்பே, 907 டிகிரி செல்சியஸிலேயே, துத்தநாகம் கொதித்துப் புகையாகிவிடும். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் சாயங்காலம் குளிர் காய்ச்சல் மாதிரி வரும், சின்ன வயதில் இரண்டு முறை பட்டிருக்கிறேன் என்றார். கொக்கி கெட்டியாக இருக்கிறது. ஆனால் கொஞ்சம் கோணல். பம்பு உடலை ஒட்டுகிறவருக்குக் கொக்கியில் மனம் போகவில்லை போலிருக்கிறது. கேட்டு, கைப்பிடி, அலங்கார வேலை என்றால் நான் இவரைச் சொல்லமாட்டேன், முதல் பட்டறையே தேவலை. அவர்களுக்கு அது தினப்படி வேலை. வெடித்த வார்ப்பு, தேய்ந்த தண்டு, "வேற வாங்கிக்குங்க" என்று எல்லோரும் சொல்லி அனுப்பிய பழைய சாமான், அப்படி ஏதாவது இருந்தால் இவர்தான். ஐந்துக்கு நாலு. அந்த ஒன்று திரைக்காக.

கொக்கியை வாங்க நின்றபோது அவருடைய ஏப்ரனைக் கழற்றி என் கையில் கொடுத்தார். நான் தையல்காரி என்பது நினைவிருந்திருக்கிறது. தடித்த ஜீன்ஸ் துணி, மார்பில் பொறி விழுந்து சல்லடையாக இருந்தது, ஒரு தோள்பட்டி விட்டுப்போய்க் கம்பியால் முறுக்கி வைத்திருந்தார். இரண்டு தையல் கடைகளில் கேட்டாராம், புதிதாக வாங்கிக்கொள்ளச் சொன்னார்களாம். பிரித்துப் பார்த்தேன். யாரோ முன்பு பாலியஸ்டர் நூலால் தைத்திருக்கிறார்கள். துணி பருத்தி, கருகினாலும் நிற்கிறது. நூல்தான் பொறி பட்ட இடத்திலெல்லாம் உருகி, சின்னச் சின்ன மணியாகத் திரண்டிருந்தது. முழுவதையும் பிரித்துவிட்டுப் பருத்தி நூலில் போட வேண்டும், மார்புக்கு இரட்டைத் துணி வேண்டும்.

இந்த ஒட்டு எத்தனை நாள் தாங்கும், யார் இதில் முன்னால் கை வைத்தது என்று நானும் கேட்டேன். செவ்வாய்க்கிழமை வாங்க என்றேன். சனிக்கிழமைதான் முடித்தேன்.